சித்திரை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் முதலில் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர்கள் சிலர், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். பாம்பு கடித்துக் கட்டிலோடு தூக்கி வரப்பட்டவர் மறுவாரம் தானே சைக்கிள் மிதித்து வந்து நின்ற கதை போல, பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடமும் சில உண்டு. அந்த மாதிரிக் கதைகளை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உங்களைச் சுற்றிலும் இருக்கிறார்கள். நான் தவறவிட்டதை நான்தான் சொல்லவேண்டும். அதனால் இதை எழுதுகிறேன்.

எப்போதும் குளிர்கிறது என்று சொல்பவர்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். ரத்தம் குறைந்தவர்களுக்குக் குளிரும். உடம்பில் சதையில்லாதவர்களுக்கும், காலையில் ஒரு காப்பியோடு பொழுதை ஓட்டுகிறவர்களுக்கும் குளிரும். தைராய்டு மந்தமானால் உடம்பின் அடுப்பு தணிந்துபோகும். சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவருக்குப் பாதம் மட்டும் சில்லென்று இருப்பதாகத் தோன்றும். ரத்த அழுத்தத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கும் சில மாத்திரைகள் விரல்களைக் குளிர வைக்கும். எந்த நோயும் இல்லாமல், பிறவியிலேயே குளிர் தாங்காத உடம்புக்காரர்களும் உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. படிப்பு போதாமல் நான் தவறவில்லை.

அவள் பெயர் முத்துச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் கனகராஜ், மூணாறு பக்கம் இளநீர் ஏற்றிக்கொண்டு போய்வருவான். போகிற வழியில் அவளைப் பார்த்து, விரும்பி, வீட்டாரோடு சண்டையிட்டுக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் அம்மாவுக்கு அந்தச் சம்பந்தத்தில் கடைசிவரை மனசில்லை. மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட மலைக்காரி என்று சொன்னதே அதிகம்.

முதல் தடவை அவர்கள் என் கிளினிக்குக்கு வந்தபோது மாமியாரின் இடுப்பில் பேத்தி இருந்தாள், நடக்கப் பழகும் வயது. வெளியே தார் ரோடு இளகிக் கிடந்தது. முத்துச்செல்வி கருஞ்சிவப்பில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள்.

"ஏனுங்க டாக்டர், இந்த அதிசயத்தப் பாருங்க. ஊரே விசிறிக்கிட்டுக் கெடக்குது. இவ மட்டும் சொட்டரு மாட்டிக்கிட்டு நிக்கறா. அக்கம்பக்கத்துல கேக்கறாங்க, என்ன ஊட்டுக்குள்ள ஊட்டியா வெச்சிருக்கீங்கன்னு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "சூரியநெல்லியிலிருந்து குளிரைப் பெட்டியில போட்டுக் கொண்டுவந்துட்டியாம்மா?" என்றேன். மாமியார் சிரித்தார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முத்துச்செல்வியும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தாமதித்து வந்தது. அதை நான் கவனித்தேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. அங்கே பிறந்தவர்கள் ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாகவே இருப்பார்கள், கீழே வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது என்பார்கள். நானும் அதையே நினைத்தேன். கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். மலையில் வளர்ந்தவள் எருத்தேன்பதி வெயிலுக்கு வந்தால் எங்களைவிட அதிகமாக அல்லவா வியர்க்க வேண்டும்? அந்த எளிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன்.

அடுத்த வருடம் மறுபடி வந்தாள். அசதி, முடி கொட்டுகிறது, குளிர்கிறது. தைராய்டுக்கான முதல் பரிசோதனையை மட்டும் செய்யச் சொன்னேன். அது சரியாக இருந்தது. மாமியார் பக்கத்தில் நிற்க, அவளிடம் சொன்னேன்: "உனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாச் சாப்பிடு. ஒரே இடத்துல உக்காராம வேலை செய். உடம்பு தானாச் சூடாகும்."

நாம் சொல்லும் வார்த்தை நம் அறையோடு நின்றுவிடுவதில்லை. அது நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது. சமையலறையிலும் மாட்டுக்கொட்டகையிலும் அது என்ன வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியாது. 'உனக்கு ஒண்ணுமில்ல' என்ற என்னுடைய அந்தச் சொல் அந்த வீட்டில் என்ன வேலை செய்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது.

மூன்றாவது முறை வந்தது காய்ச்சல் காலத்தில். வராந்தா நிறைய ஆட்கள். அவள் முகம் ஊதியிருந்தது. குரல் தடித்து, வார்த்தைகள் மெதுவாக வந்தன. தோல் காய்ந்த இலை போலிருந்தது. இந்த முறை தைராய்டு ஹார்மோனையே அளக்கச் சொன்னேன். மிகக் குறைவாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

படித்தவர்களுக்கு இந்த இடத்திலேயே உறுத்தும். தைராய்டு சுரப்பிக்கு வேலை சொல்லும் மேலதிகாரி ஒன்று மூளைக்கு அடியில் இருக்கிறது, பட்டாணி அளவில். பிட்யூட்டரி என்ற சுரப்பி. கீழே வேலை நடக்காவிட்டால் அது கூச்சல் போடவேண்டும். அந்தக் கூச்சலைத்தான் போன வருடம் முதல் பரிசோதனையில் அளந்தேன். இந்த முறையும் அளந்தேன். கீழே வேலை நின்றுகிடக்கிறது, மேலே சத்தமே இல்லை. அப்படியென்றால் கெட்டுப்போனது மேலதிகாரி. அதே அதிகாரிதான் உடம்பை ஆபத்தில் காப்பாற்றும் இன்னொரு ஹார்மோனுக்கும், மாதவிலக்குக்கும், தாய்ப்பாலுக்கும் உத்தரவு கொடுப்பது. அவையும் நின்றிருக்கும். முதலில் அந்தக் காப்பாற்றும் ஹார்மோனுக்குப் பதிலாக ஸ்டீராய்டு கொடுக்கவேண்டும். பிறகே தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டது போலத்தான்.

இரண்டு எண்களும் என் கண் முன்னால் இருந்தன. வராந்தாவில் ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. நான் தைராய்டு மாத்திரையை முழு அளவில் எழுதினேன்.

எழுந்து வாசல்வரை போன முத்துச்செல்வி நின்றாள். "சார், ஒண்ணு கேக்கணும். புள்ள பொறந்ததுலருந்தே எனக்கு…" என்று தொடங்கி, மாமியாரைப் பார்த்தாள்.

"அதெல்லாம் என்னத்துக்கு இப்ப? டாக்டருக்கு ஆயிரஞ் சோலி. வா," என்றார் மாமியார்.

"அடுத்த தடவை வர்றப்ப விவரமாப் பேசலாம்மா," என்றேன் நான்.

அவளை வெளியே அனுப்பியது மாமியார் என்று சிலகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. உச்சிவெயில் நேரத்தில் கனகராஜின் வண்டி கிளினிக் வாசலில் வந்து நின்றது. பின்னால் இறக்காத இளநீர்க் குலைகள், முன் இருக்கையில் மாமியாரின் மடியில் சாய்ந்து முத்துச்செல்வி. அந்த ஸ்வெட்டரோடு, அதற்கு மேல் ஒரு போர்வையும். காலையிலிருந்து வாந்தி என்றான். கண் திறக்கவில்லை. நாடி நூல் போல ஓடியது. ரத்த அழுத்தம் அளக்கும் கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டியது, பிறகு ஒன்றுமே காட்டவில்லை.

எங்கள் ஊரில் தோட்டம் வைத்திருக்கிற வீட்டு மருமகள் ஒருத்தி வாந்தியோடு நினைவில்லாமல் வந்தால், எல்லோர் மனதிலும் வருவது ஒரே விஷயம். யாரும் அதை உரக்கச் சொல்ல மாட்டார்கள். கனகராஜ் தன் அம்மாவிடம் கேட்டேவிட்டான்.

"காலையில அவள நீ என்னம்மா சொன்ன?"

"நா என்னடா சொன்னேன்? எந்திரிச்சு வேலையப் பாருன்னேன். டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிப்போட்டாரு, நீ என்னத்துக்குச் சும்மா சும்மா போத்திக்கிட்டுப் படுத்துக்கறேன்னு கேட்டேன். எப்பவும் சொல்றதுதான? அதுக்குப் போயி மருந்தக் குடிப்பாளாடா ஒருத்தி?"

"எப்பவும் சொல்றதா?"

"பின்ன? டாக்டரு சொன்னதத்தான நாஞ் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வருடமாக, தினமும்.

"பூச்சிமருந்து டப்பாவப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"கொட்டாயில வெச்சது வெச்ச மாதிரி இருக்குதுங்க. ஆனா வேற எங்கியாவது…" கனகராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வயித்தக் கழுவிடுங்க டாக்டர். நேரம் போவுது. கழுவிடுங்க."

வயிறு கழுவும் குழாயைக் கையில் எடுத்துவிட்டேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டார் அழுதுகொண்டு ஒரு நோயைச் சொல்லும்போது அதற்கு எதிராக யோசிப்பது மிகவும் கடினம். அவர்களுடைய பயம் நம் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரத்த அழுத்தம் இல்லாத உடம்பில் அந்தக் குழாயைச் செலுத்தியிருந்தால் என் மேசையிலேயே முடிந்திருப்பாள். பிறகு விஷம் குடித்துச் செத்தாள் என்று ஊர் சொல்லியிருக்கும். நானும் அதையே நம்பியிருப்பேன்.

குழாயை வைத்துவிட்டு அவள் இமையைத் திறந்து பார்த்தேன். பூச்சிமருந்து குடித்தவரின் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், எச்சில் வழியும், உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும். இவள் கண்மணி சாதாரணமாக இருந்தது. வாய் உலர்ந்து கிடந்தது. அந்த வெயிலில், அத்தனை துணிக்குள், ஒரு பொட்டு வியர்வை இல்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தோம். அதலபாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தாள்.

"குளுருது," என்றாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

சர்க்கரை ஏறியது. ரத்த அழுத்தம் ஏறவில்லை. பாட்டில் பாட்டிலாக உப்புநீர் இறங்கியும் ஏறவில்லை. சிஸ்டர் தெர்மாமீட்டர் வைப்பதற்காக ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழற்றி அவள் கையைத் தூக்கினார். அக்குளில் ஒரு ரோமம் இல்லை. மழித்தது அல்ல. சிறுமியுடையதைப் போல வெறுமையாக இருந்தது.

மூன்று வருகையிலும் அந்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி நான் அவளைப் பரிசோதித்ததில்லை. கூச்சப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

மாமியாரிடம் கேட்டேன்: "குழந்தை தாய்ப்பால் குடிச்சுதாங்கம்மா?"

"எங்கீங்க? தலைப் பெரசவம் ஆத்தா ஊட்லதானுங்களே. மலையிலருந்து வர்றப்பவே புட்டியோடதான் வந்தா. எஸ்டேட்டுல இதெல்லாம் நாகரிகம் போலிருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மாதவிலக்கைப் பற்றிக் கனகராஜிடம் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"புள்ள பொறந்ததுக்கப்பறம் ஒருக்காகூட வரலீங்க. ரண்டாவது எப்பன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கும். வெளிய தெரிஞ்சா அவளுக்குத்தான் பேச்சுன்னு நாங்க சொல்லலீங்க."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிரசவத்தில் கட்டுமீறி ரத்தம் போனால், ரத்தம் கிடைக்காமல் அந்தப் பட்டாணிச் சுரப்பி செத்துப்போகும். பால் ஊறாது, மாதவிலக்கு நின்றுவிடும், ரோமம் உதிரும், வருடக்கணக்கில் குளிரும். அப்படிப்பட்ட உடம்புக்குத்தான் நான் தைராய்டு மாத்திரையை முழு அளவில் கொடுத்திருந்தேன். அவளை இந்த மேசையில் கொண்டுவந்து கிடத்தியது என் மாத்திரை.

ஆஸ்துமாக்காரர்களுக்காக ஸ்டீராய்டு ஊசி என் அலமாரியில் எப்போதும் இருக்கும். இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். நான் எடுக்கவில்லை. "இவங்க அம்மாவுக்குப் போன் போடு," என்றேன்.

ஏன் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உறுதி செய்துகொள்ளத்தான் என்று அப்போது நினைத்தேன். உறுதி தேவைப்படாத இடம் அது. சந்தேகம் வந்தாலே போடவேண்டிய ஊசி, ஒரு முறை போட்டால் யாருக்கும் பெரிதாகக் கெடுதல் செய்யாது. ஆனால் அதைப் போட்டால் நான் செய்தது தவறு என்று ஆகிவிடும். வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று என் மனம் தேடியது. ஊசியைப் போட்டுவிட்டுப் பேசியிருக்கவேண்டும். நான் பேசிவிட்டு ஊசி போட்டேன். அந்த இடைவெளியில் அவள் செத்திருக்கலாம்.

கனகராஜ் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். முத்துச்செல்வியின் அம்மா கொழுந்து பறிக்கிற இடத்தில் இருந்தார். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"பிரசவம் எப்படி இருந்துச்சும்மா? ரத்தம் நிறையப் போச்சா?"

"இல்லய்யா. நல்ல பெரசவம்தான். ஒரு கொறையும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "மாப்ள பக்கத்துல இருக்காரா?" என்றார்.

என் மருத்துவக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருந்தார். பாதி நோய், நோயாளியோடு கூட வராத ஆளிடம் இருக்கும் என்பார். வகுப்பில் அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம். நான் போனை வாங்கிக்கொண்டு பின்கதவு வழியாக ஜெனரேட்டர் இருக்கும் இடத்துக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"அம்மா, இங்க நான் மட்டும்தான் இருக்கேன். வேற யாருக்கும் கேக்காது. உங்க பொண்ணு பிழைக்கணும்னா உள்ளதைச் சொல்லுங்க."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரேயடியாகச் சொன்னார்.

"லயத்துலயே புள்ள பொறந்துருச்சுய்யா, ஜீப்பு வர்றதுக்கு முந்தியே. நஞ்சுக்கொடி வரல. ரெத்தம் நிக்கவே இல்ல. பாய் நனஞ்சு தரை நனஞ்சு போச்சு. எம் புள்ளைக்குக் கண்ணு சொருகிருச்சு. கீழ கொண்டுபோயி ரெத்தம் ஏத்தித்தான் உசுர மீட்டோம். பாலு ஒரு சொட்டு ஊறலய்யா."

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"எப்பிடிய்யா சொல்ல? ஏற்கெனவே அவுக எங்களுக்கு மொகங்குடுத்துப் பேசறதில்ல. சீக்காளிய எங்க தலையில கட்டிட்டீகன்னு திருப்பி அனுப்பிட்டா என்ன செய்ய? யார்ட்டயும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு எம் மக கிட்டச் சத்தியம் வாங்குனது நாந்தான்யா. அவளுக்கு இப்ப என்ன?"

"சரியாயிடும்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உள்ளே ஓடி ஊசியைப் போட்டேன். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. சிஸ்டர் கருவியை அழுத்துவார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், மறுபடி அழுத்துவார். வெளியே மாமியார் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கனகராஜ் அவள் கால்களைத் தன் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் சிஸ்டர் தலையை ஆட்டவில்லை. இன்னொரு முறை பார்த்து எண்ணைச் சொன்னார். அது சிறிய எண்தான். கொஞ்ச நேரத்தில் இன்னும் ஏறியது. முத்துச்செல்வி கண்ணைத் திறந்து, "பாப்பா எங்க?" என்று கேட்டாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கோயம்புத்தூரில் அவளை ஏற்றுக்கொள்ளும் மருத்துவரிடம் போனில் பேசினேன். என் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அனுப்புங்க சார், பாத்துக்கலாம்," என்றார். நம் தவறை இன்னொரு மருத்துவரிடம் சொல்வது அவ்வளவு கடினமில்லை. அவருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

பிறகு வீட்டாரிடம் விளக்கினேன். விஷம் இல்லை. பிரசவத்தில் ரத்தம் போனதால் மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி கெட்டுவிட்டது. இத்தனை வருடம் அவளுக்கு நிஜமாகவே குளிர்ந்தது. சோம்பல் இல்லை, நடிப்பு இல்லை. இனி மாத்திரையோடு நன்றாக இருப்பாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு கையையும் எனக்கு முன்னால் கூப்பினார். "சாமி மாதிரி நின்னு காப்பாத்திப்போட்டீங்க."

கனகராஜ் போனை எடுத்தான். "ஏனுங்க அத்தை, இத்தனை வருசமா மறைச்சு மறைச்சு இன்னிக்கு அவள கொல்லப் பாத்துட்டீங்களே. நீங்கெல்லாம் ஒரு தாயா?"

நான் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கவேண்டும். 'இன்னிக்கு இப்படி ஆனதுக்குக் காரணம் என் மாத்திரை. அதைக் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்டிருக்கவேண்டும்.' ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். கொஞ்ச நேரம் முன்புவரை விஷம் என்று துடித்த கூட்டம் அது. சொன்னால் அடிப்பார்கள் என்று பயந்தேன். சாமி என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்னதும் காதில் இருந்தது. எது அதிகம் தடுத்தது என்று கேட்டால், இரண்டாவதுதான்.

ஆஸ்பத்திரியில் மகளைப் பார்க்க வந்த அம்மாவைக் கனகராஜ் வார்டுக்குள் விடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

முத்துச்செல்வி தேறினாள். சில மாதங்கள் கழித்து அவள் அம்மா என்னைத் தேடிக் கிளினிக்குக்கு வந்தார். பொள்ளாச்சி வழியாகப் பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஒரு தேயிலைத்தூள் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நின்றுகொண்டே பேசினார்.

"எம் புள்ளைய நானே கொல்லப் பாத்தேன்யா. நீங்க குடுத்த உசுரு அது. அந்தச் சத்தியத்த மட்டும் நான் வாங்காம இருந்திருந்தா…"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா," என்றேன். "தெரியாமத்தானே செஞ்சீங்க."

இந்தத் தொழிலில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே மோசமானது அதுதான். ஆறுதல் சொல்வது போல, என் குற்றத்தை அவர் தலையில் இன்னொரு முறை ஏற்றி வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தத் தூளில் போட்ட டீயை வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார்கள்.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும். குளிர்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அவள் ஊரைப் பற்றிப் பேசாதீர்கள், உடம்பைத் தொட்டுப் பாருங்கள். மாமியாரையும் புருஷனையும் வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகக் கேளுங்கள். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நடக்கிறது, மீதி வாழ்க்கை புகுந்த வீட்டில். ஒரு பெண்ணின் நோய்க்கதை இரண்டு வீடுகளில் பாதி பாதியாகக் கிடக்கும். இரண்டு வீடும் பேசிக்கொள்ளாவிட்டால் அதைச் சேர்த்து வைப்பது உங்கள் வேலை. வாசலில் நின்று ஒருத்தி 'ஒண்ணு கேக்கணும்' என்றால், வராந்தாவில் எத்தனை பேர் இருந்தாலும், உட்காரச் சொல்லுங்கள்.

மற்ற பாதி, தவறு செய்த பிறகு செய்யவேண்டியது. தவறை எல்லோரும் செய்வோம். நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அந்தத் தவறு காணாமல் போய்விடாது. பக்கத்தில் இருப்பவர்களில் யார் எளியவரோ அவர்மேல் போய் உட்காரும்.

ஓய்வுபெற்றுக் கிளினிக்கை மூடிய பிறகு, போன சித்திரையில் எருத்தேன்பதிக்குப் போனேன். கனகராஜும் அவன் அம்மாவும் தோப்பில் இருந்தார்கள். முத்துச்செல்வி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அரைக்கை ரவிக்கை, நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை.

"வாங்க சார். பாருங்க, இப்பல்லாம் ஊத்துது," என்று சிரித்தபடியே முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

நான் சொன்னேன். அந்த இரண்டு எண்கள், வராந்தாவில் இருமிய குழந்தை, முழு அளவில் எழுதிய மாத்திரை, ஊசியை எடுக்காமல் போனுக்குப் போனது, எல்லாவற்றையும். நான் முடித்தபோது அவள் பார்வை மிளகாய்மேல் இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"இது எங்கம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. அவங்ககிட்ட நான் சொல்லல. இப்பப் போய்ச் சொல்லலாம்னுதான் உன்கிட்ட முதல்ல வந்தேன்."

"அம்மா போன மழைக்கே போயிருச்சு சார்."

எனக்கு அது தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

"கடைசியா நான் போனப்ப மூச்சு விட முடியாமக் கெடந்துச்சு," என்றாள். "எங் கையப் புடிச்சுக்கிட்டு, 'அம்மாவ மன்னிச்சிரு தாயி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நானும் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன் சார்."

பிறகு அவள் குனிந்து, ஏற்கெனவே பரப்பியிருந்த மிளகாயை மறுபடி பரப்பத் தொடங்கினாள்.